பிரஷர் மாத்திரையும் இதய மாத்திரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் மக்கள் மருந்துக் கடை கவுண்டரில் கேட்பார்கள். சீட்டை நீட்டிவிட்டு, "இது எதுக்கு தம்பி?" என்று ஆரம்பிப்பார்கள். மருந்தாளுநராக அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பக்கவிளைவு என்று நாம் பயப்படுவதில் பெரும்பகுதி, அந்த மருந்து உடம்பில் வேலை செய்கிற விதத்திலிருந்தே வருகிறது. எது எங்கே போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும். அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் மட்டும் உங்கள் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் எதற்கு மாத்திரை?

தொந்தரவு தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயின் குணம். தலைவலி, தலைசுற்றல், கோபம் எல்லாவற்றுக்கும் "பிரஷர் ஏறிடுச்சு" என்கிறோம். ஆனால் 170 இருக்கிற பலருக்கு எதுவுமே தெரியாது. ரத்தக் குழாயும் இதயமும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

மருந்து இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உதாரணம். 1944 மார்ச்சில் அவருக்கு 186/108 என்று பதிவானது. உலகத்திலேயே சிறந்த மருத்துவம் கிடைக்கக்கூடிய மனிதர். ஆனால் கையில் இருந்ததெல்லாம் ஓய்வு, உப்பைக் குறைப்பது, சிகரெட்டைக் குறைப்பது, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். தைரியமாகத் தினமும் கொடுக்கக்கூடிய முதல் நல்ல பிரஷர் மாத்திரை, தயசைடு வகை நீர் மாத்திரை, 1958இல்தான் வந்தது. இன்று அது ஒரு டீயைவிட மலிவு.

பொதுவாக 140/90க்கு மேல் வெவ்வேறு நாட்களில் பார்த்தும் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள். வீட்டில் பார்ப்பதற்கு 135/85. மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்க்காதீர்கள். 5 நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை இதய உயரத்தில் இருக்க, பேசாமல் பார்க்க வேண்டும். காபி, சிகரெட் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

அட்டையில் இருக்கும் பெயர் வாயிலேயே நுழையவில்லை. எப்படி அடையாளம் தெரிந்துகொள்வது?

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விடுங்கள். கீழே சின்னதாக இருக்கும் மருந்துப் பெயரின் வாலைப் பாருங்கள். 'பிரில்' என்று முடிந்தால் (எனாலாபிரில், ராமிபிரில்) ஒரு குடும்பம். 'சார்டன்' என்று முடிந்தால் (லோசார்டன், டெல்மிசார்டன்) அதற்குப் பங்காளி. 'டிபின்' (அம்லோடிபின், சில்னிடிபின்) ரத்தக் குழாயைத் தளர்த்துவது. 'லால்' (அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால்) இதயத் துடிப்பை நிதானப்படுத்துவது. 'ஸ்டாடின்' கொழுப்புக்கு.

கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் கவனியுங்கள். பெரும்பாலும் 'ஏஎம்' என்றால் உள்ளே அம்லோடிபினும் இருக்கிறது, 'ஹெச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை, 'ஏடி' என்றால் அட்டெனோலால். இது ஏன் முக்கியம் என்றால், ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருகிறார். புதுச் சீட்டில் டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை. வீட்டில் பழைய அம்லோடிபின் அட்டை மிச்சம் இருக்கிறது. "அது பழைய டாக்டர் குடுத்தது, இது புது டாக்டர் குடுத்தது" என்று இரண்டையும் போடுகிறார். ஒரு வாரத்தில் தலைசுற்றல், கால் வீக்கம். இந்தக் கதை எந்தக் கவுண்டரிலும் புதிதில்லை. புதுச் சீட்டு வந்தால் வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அம்லோடிபின் போட்டதிலிருந்து கால் வீங்குகிறது. கிட்னி போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே போக வேண்டும். அம்லோடிபின் அந்த வழியை அடைக்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் குறைகிறது. ஆனால் தளர்வது ரத்தத்தைக் கொண்டு வருகிற பக்கத்துக் குழாய்தான். திருப்பி எடுத்துப் போகிற சிரைகள் அவ்வளவு தளர்வதில்லை. வரத்து அதிகம், வடிகால் அதே அளவு. அதனால் கணுக்காலில் நீர் கசிந்து தேங்குகிறது. சாயங்காலம் செருப்பு வார் அச்சு தெரியும், காலையில் வடிந்திருக்கும். 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது அதிகம்.

இதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது, ஏனென்றால் உடம்பில் நீர் கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அளவைக் குறைப்பது, அல்லது பிரில், சார்டன் வகை ஒன்றைச் சேர்ப்பது (இவை சிரைகளையும் தளர்த்தும்), அல்லது வேறு வகைக்கு மாற்றுவது, இதில் ஒன்றை டாக்டர் செய்வார். ஆனால் ஒரே காலில் வீக்கம், வலி, மூச்சு வாங்குவது, முகம் வீங்குவது இருந்தால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

எனாலாபிரில் போட்டதும் வறட்டு இருமல். இருமல் மருந்துக்கும் கேட்கவில்லை.

கேட்காது. மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும்.

இந்த வகைக்குப் பின்னால் ஒரு பாம்பு இருக்கிறது. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன். அதன் விஷத்தில், உடம்பின் பிராடிகைனின் என்ற பொருளை அழியவிடாமல் தடுக்கும் ஏதோ இருக்கிறது என்று 1965இல் செர்ஜியோ ஃபெரேய்ரா கண்டுபிடித்துச் சொன்னார். அதே விஷப் பொருள், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதையும் தடுத்தது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய் உருவாக்கிய கேப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்றைய எனாலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிகள்.

ஆஞ்சியோடென்சினைக் குறைப்பது நமக்குத் தேவையான வேலை. கூடவே பிராடிகைனின் சேர்ந்துவிடுகிறது. அது தொண்டையில் குறுகுறுப்பைக் கிளப்பி இருமல் வரவைக்கிறது. சார்டன் வகை பிராடிகைனின் பக்கமே போவதில்லை, ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் இடத்தை மட்டும் மறைக்கிறது. அதனால்தான் இருமல் வந்தால் டாக்டர் சார்டனுக்கு மாற்றுகிறார். மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாம்.

அரிதாக உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கும். அது இருமல் மாதிரி பொறுத்துக்கொள்கிற விஷயமில்லை, உடனே அவசரப் பிரிவு. அதற்கப்புறம் அந்தக் குடும்ப மாத்திரையை வாழ்நாளில் தொடக் கூடாது.

பிரஷர் மாத்திரை தொடர்ந்து போட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்கிறார்களே?

இந்த ஒரு வதந்தி செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருடம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டார், கடைசியில் டயாலிசிஸ் என்று பார்க்கிறோம். கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதல் இரண்டு காரணங்கள் என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாத்திரைதான் கண்ணுக்குத் தெரிகிறது, பழி அதன் மேல் விழுகிறது. உண்மையில் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுப்பதே பிரில் அல்லது சார்டன் வகைதான். வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை அவை இறக்குகின்றன.

அழுத்தம் இறங்குவதால் ஆரம்பத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டும் கழிவு) கொஞ்சம் ஏறும். முன்பிருந்ததிலிருந்து 30 சதவீதம் வரை ஏறுவதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் கூடினாலோ யோசிக்க வேண்டும். மாத்திரை ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை எழுதுவது இதைப் பார்க்கத்தான். "சும்மா டெஸ்ட் எழுதுறாங்க" என்று அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. கடும் வாந்தி, பேதி, எதுவும் உள்ளே தங்கவில்லை என்கிற நாளில் பிரில், சார்டன், நீர் மாத்திரை இவற்றைத் தொடர்ந்து விழுங்குவது நிஜமாகவே சிறுநீரகத்துக்கு ஆபத்து. உடம்பு வறண்டு கிடக்கும்போது அழுத்தத்தை இன்னும் இறக்கினால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது. அன்றே டாக்டருக்குப் போன் செய்து, நிறுத்திவைக்கலாமா, எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கேளுங்கள்.

நீர் மாத்திரையை ஏன் காலையிலேயே போடச் சொல்கிறார்கள்?

ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கு நடக்கக் கூடாது என்பதால். அதுவும் வயதானவர்கள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போய் விழுவது பெரிய பிரச்சினை.

இதில் இரண்டு வகை உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் எல்லாம் பிரஷருக்கானவை. சிறுநீரகம் வழியாக உப்பை மெதுவாக வெளியேற்றும். ஃபுரோசமைடு வேகமானது, இதயம் பலவீனமாகி நுரையீரலிலும் காலிலும் நீர் சேர்ந்தவர்களுக்கு. உப்பை வெளியேற்றும்போது சோடியமும் பொட்டாசியமும் தேவைக்கு மேல் போய்விடலாம். வயதானவர் திடீரென்று சோர்ந்து, பேச்சு குழம்பி, ஆள் ஒரு மாதிரி இருக்கிறார் என்றால் சோடியம் பார்க்க வேண்டும். தயசைடு யூரிக் அமிலத்தையும் ஏற்றும். கட்டைவிரல் வீங்கும் கவுட் உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இதயச் செயலிழப்புக்கு ஃபுரோசமைடு சாப்பிடுபவர்கள் தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைப்பது நல்லது. 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டுச் சதை கிடையாது, நீர்.

எனக்குச் சர்க்கரையே இல்லை. இதய டாக்டர் சர்க்கரை மாத்திரை எழுதியிருக்கிறாரே?

டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருக்கும். தப்பில்லை. சர்க்கரைக்காக வந்த மருந்துதான், ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு, சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் சேர்வதையும் இறப்பையும் குறைக்கிறது என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், சின்ன வைத்தியம்தான்.

'லால்' மாத்திரை போட்டால் நாடித் துடிப்பு 58தான் இருக்கிறது. பரவாயில்லையா?

தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் பெரும்பாலும் பரவாயில்லை. மருந்தின் வேலையே அதுதான். அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டுகிற வாசலை இது மூடுகிறது. துடிப்பு நிதானமாகிறது, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் குறைகிறது. நெஞ்சுவலிக்காக இந்த வகையை 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. 50க்குக் கீழே போனாலோ கண் இருட்டினாலோ தாமதிக்காதீர்கள்.

ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். இந்த வகை மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆகவே காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினால் சர்க்கரையைப் பாருங்கள்.

மாரடைப்பு வந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், இதயம் பலவீனமானவர், துடிப்பு தாறுமாறானவர், இவர்களுக்குத்தான் இது முதல் தேர்வு. வெறும் பிரஷருக்கு மட்டும் என்றால் இப்போது வேறு வகைகளையே முதலில் பார்க்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் புரோப்ரனோலால் கொடுப்பார்கள், அதைப் பார்த்து "எனக்குப் பிரஷர் இருக்கா?" என்று பதற வேண்டாம்.

ஒரு பிரஷருக்கு மூன்று மாத்திரை எதற்கு?

குழாயைத் தளர்த்தினால் உடம்பு "அழுத்தம் குறைந்துவிட்டதே" என்று உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். உப்பை வெளியேற்றினால் ஆஞ்சியோடென்சினைக் கூட்டிக் குழாயைச் சுருக்கப் பார்க்கும். ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்றைத் திறக்கிறது. அதனால் ஒரே மருந்தை இரண்டு மடங்காக்குவதைவிட, இரண்டு மருந்தைச் சின்ன அளவில் சேர்ப்பது அழுத்தத்தை நன்றாக இறக்குகிறது, பக்கவிளைவும் குறைவு. மாத்திரை எண்ணிக்கை கூடினால் நோய் முற்றிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

காலையிலா, ராத்திரியிலா? மறந்துவிட்டால்?

ராத்திரி போட்டால் மாரடைப்பு குறையும் என்று சில வருடம் முன்பு ஒரு பேச்சு பலமாக இருந்தது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது: காலையோ ராத்திரியோ, வித்தியாசம் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம்.

மறந்தால், அதே நாளில் ஞாபகம் வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. அம்லோடிபின் மாதிரி உடம்பில் நெடுநேரம் தங்குகிற மருந்தில் ஒரு வேளை தவறியதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. பிரஷர் மாத்திரையையும் போடாமல் போக வேண்டுமா?

வேண்டாம், போட்டுக்கொண்டே போங்கள். ஒரு டம்ளர் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் தவிர்க்க வேண்டியது சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும். இதைக் குழப்பிக்கொண்டு, மாத்திரை போடாமல் வந்து, லேபில் காத்திருந்து, அப்படியே டாக்டரிடம் போய் 170 காட்டி, அவர் மருந்தைக் கூட்டி எழுதி, மறுநாள் இரண்டும் சேர்ந்து தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. செக்கப் நாளன்று மாத்திரை போடாமல் வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நார்மலாக இருக்கிறது. நிறுத்தலாமா?

மாத்திரை போட்டதால் நார்மல். எடை நன்றாகக் குறைந்து, உப்பைக் குறைத்து, நடைப்பயிற்சி நிலைத்துவிட்டவர்களுக்கு அளவைக் குறைக்க முடியும், சிலருக்கு நிறுத்தவும் முடியும். ஆனால் அது படிப்படியாக, பார்த்துப் பார்த்துச் செய்வது.

குறிப்பாக இரண்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. 'லால்' வகையைத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் மூடியிருந்த வாசல் ஒரேயடியாகத் திறந்து, நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். குளோனிடின் என்ற பிரஷர் மருந்து இன்னும் மோசம். ஒன்றிரண்டு நாள் விட்டாலே பிரஷர் முன்பைவிட எகிறும். ஊருக்குப் போகும்போது இந்த அட்டையை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டு மெஷினில் 190 காட்டுகிறது. கூட ஒரு மாத்திரை போடலாமா?

முதலில் உட்காருங்கள். 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பயமே 20 ஏற்றிவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். எதுவும் இல்லை, எண் மட்டும்தான் அதிகம் என்றால், அன்றைய மாத்திரை போட்டீர்களா என்று பார்த்துவிட்டு, டாக்டரைக் கேளுங்கள்.

முன்பெல்லாம் நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடுவார்கள். எண் மளமளவென்று இறங்கும், எல்லோருக்கும் திருப்தி. அப்படி இறங்கியதாலேயே மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததைப் பார்த்தபிறகு அது கைவிடப்பட்டது. யாராவது பழைய ஞாபகத்தில் சொன்னால் கேட்காதீர்கள்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை எப்போது வைப்பது?

ஐசோசார்பைடு டைநைட்ரேட், கடையில் சார்பிட்ரேட் என்று கேட்பார்கள். இதய வலி உள்ளவருக்கு டாக்டர் எழுதித் தந்திருந்தால், வலி வந்ததும் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடலாம். தலை விண்விண்ணென்று தெறிக்கும். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். 5 நிமிடத்தில் வலி குறையவில்லையென்றால் 108. பக்கத்தில் யாருக்கோ நெஞ்சுவலி என்றால் உங்கள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே பிரஷர் தாழ்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

சில்டெனாஃபில் போன்ற ஆண்மை மாத்திரை சாப்பிட்டிருந்தால் இதை வைக்கவே கூடாது. சில்டெனாஃபிலுக்கு 24 மணி நேரமாவது, டடாலாஃபிலுக்கு 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இந்த விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நாங்களாகச் சொன்னால்தான் உண்டு. அவசரப் பிரிவிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதே நைட்ரேட் வகையைத் தினசரி மாத்திரையாகக் காலை 8 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் என்று எழுதுவார்கள். "ரெண்டு வேளைன்னா காலையும் ராத்திரியும்தானே" என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரமும் உடம்பில் இருந்தால் ரத்தக் குழாய் அதற்குப் பழகி மருந்து வேலை செய்யாமல் போகும், அதற்காகத்தான் ராத்திரி இடைவெளி. இன்னொன்று, டைனமைட் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கு 1896இல் இதய வலிக்காக டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின், அவருடைய வெடிமருந்தேதான். அவரே இதை ஒரு கடிதத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

40 வயது தாண்டினால் எல்லோரும் தினமும் ஆஸ்பிரின் போடலாமா?

வேண்டாம். ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது. அந்தத் தட்டு சாகும்வரை, அதாவது ஒரு வாரத்துக்கு மேல், அந்தத் தடை நீடிக்கும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் இவர்களுக்கு லாபம் அதிகம். இதய நோயே இல்லாதவருக்கு, குறிப்பாக 60 தாண்டியவருக்கு, வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்து அந்த லாபத்தை விழுங்கிவிடுகிறது.

மாரடைப்பு வந்த நேரத்துக் கதை வேறு. அப்போது ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் அளவாகக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டும். மாத்திரையை நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் டாக்டர் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் என்பது உள்ளே கிடக்கும் உலோக வலை. அதன் மேல் நம் திசு படரும்வரை ரத்தம் அதில் உறையப் பார்க்கும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். ஈறில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம்.

கொலஸ்ட்ரால் நார்மல். ஸ்டாடின் எதற்கு?

மாரடைப்பு வந்தவருக்கு 'நார்மல்' போதாது, அதற்கும் கீழே வேண்டும். ஸ்டாடின் கல்லீரலில் கொழுப்பு தயாராவதைக் குறைக்கிறது, ரத்தக் குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் கெட்டிப்படவும் உதவுகிறது. ஜப்பானில் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து எடுத்ததுதான் இதன் மூலம்.

உடம்பு வலிக்கிறது என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். அளவைக் குறைத்தோ வேறு ஸ்டாடினுக்கு மாறியோ பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாங்க முடியாத தசை வலியும், சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போவதும் சேர்ந்து வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

வால்வு மாற்றியவர் கீரையே சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம், அளவு மாறாமல். அவர்கள் சாப்பிடும் வார்ஃபரினும் அசினோகூமராலும் வைட்டமின் கே செய்கிற வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் ஆடும். புதிதாக ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் ஆடும். அதனால் எந்த மருந்துக் கடையில் எது வாங்கினாலும், "நான் வால்வு மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மூட்டு வலிக்கு என்ன போடலாம்?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், இவைதான் எங்கள் கவுண்டரில் அதிகம் கேட்கப்படுபவை. இவை உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் பலனைக் கெடுக்கும். நீர் மாத்திரை, பிரில் அல்லது சார்டன், அதோடு இந்த வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. "கிட்னி போனது பிரஷர் மாத்திரையாலே" என்கிற கதைகளில் சிலவற்றில் உண்மையான குற்றவாளி, பெயரே கேட்காமல் வருடக்கணக்கில் வாங்கித் தின்ற வலி மாத்திரைதான் என்பது என் எண்ணம். ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையும் தடுக்கும். சாதாரண வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். மூக்கடைப்புக்கு வரும் சளி மாத்திரைகளிலும் பிரஷரை ஏற்றும் மருந்து இருக்கிறது.

இளநீர், இந்துப்பு, அதிமதுரம்?

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறோடு பிரில், சார்டன், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் நீர் மாத்திரை) சாப்பிடுபவர் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும், அதே எச்சரிக்கை அதற்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் இருக்கிற வீட்டில் அது மதியத்துக்குள் முடிந்துவிடும். அதிமதுரத்தைத் தொண்டைக்கு நல்லது என்று தினமும் மென்றால் உப்பு தங்கி, பொட்டாசியம் இறங்கி, பிரஷர் ஏறும்.

நாட்டு மருந்துக்கு மாறிக்கொள்ளலாமா?

சர்ப்பகந்தா வேருக்கு உண்மையாகவே பிரஷரைக் குறைக்கும் சக்தி உண்டு. மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து பிரித்த ரெசர்பின் கொஞ்ச காலம் எங்கும் ஓடியது. மனச்சோர்வு, மூக்கடைப்பு, துடிப்பு குறைவது என்று தொந்தரவுகள் இருந்ததால் மற்றவை வந்ததும் பின்தங்கிவிட்டது. வேலை செய்கிற மூலிகைக்கும் பக்கவிளைவு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மருதம்பட்டைக் கஷாயம், பூண்டு எதுவானாலும், டாக்டருக்குத் தெரிந்து சாப்பிடுங்கள். ஸ்டென்ட் மாத்திரைக்குப் பதிலாக மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

கர்ப்பம் தரித்தால்?

பிரில், சார்டன், ஸ்டாடின் சாப்பிடுகிற பெண் கர்ப்பம் தெரிந்த அன்றே டாக்டரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். லேபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா அப்போது கொடுக்கக்கூடியவை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை வேலை செய்யுமா?

செய்யும். உள்ளே இருப்பது அதே அம்லோடிபின். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாதா மாதம் பணம் இல்லாமல் பாதி நாள் போட்டு, பாதி நாள் விடுகிற விலை உயர்ந்த மாத்திரையைவிட, விடாமல் கிடைக்கிற இது எவ்வளவோ மேல்.

ஒரே சிக்கல், ஒவ்வொரு முறையும் நிறமும் அளவும் மாறி வரும். "போன தடவை வெள்ளை, இப்ப மஞ்சள்" என்று குழம்பி இரண்டையும் போடுவார்கள், இல்லை இரண்டையும் விட்டுவிடுவார்கள். மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அட்டையிலிருந்து எடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வாருங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு, அட்டையின் மேல் காலை மாத்திரைக்கு ஒரு சூரியன், ராத்திரி மாத்திரைக்கு ஒரு நிலா என்று ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கடையிலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.